மடக்கு போனில் டார்ச், ஃபிளாஷ் கட்டுப்பாடு: மடிப்பு நிலைக்கு ஏற்றபடி எப்படி அமைப்பது?

கீல்180

வணக்கம். மடக்கு போன்களுக்காக டார்ச், கேமரா ஃபிளாஷ் இரண்டையும் ஒரே பலகத்தில் வைத்து ஒரு கட்டுப்பாடு வரைந்துகொண்டிருக்கிறேன். சாதாரண போனில் இது சுலபம். திரை ஒரு பக்கம், எல்இடி மறுபக்கம், பட்டன் ஒன்று. மடக்கு போனில் அந்த ஏற்பாடே நிலைக்கு நிலை மாறுகிறது. எல்இடி எந்தப் பக்கம் பார்க்கிறது, கை எங்கே பிடித்திருக்கிறது, எந்தத் திரை விழித்திருக்கிறது என்று மூன்றுமே மாறும்.

நான் எடுத்துக்கொண்ட நிலைகள் இவை:

ஃபிளிப் வகை (மேல்பாதி கீழ்ப்பாதி மேல் மடிவது) மூடியிருக்கும்போது கவர் ஸ்கிரீனும் (வெளிப்பக்கச் சிறு திரை) எல்இடியும் ஒரே முகத்தில். விரித்தால் சாதாரண போன் போல. பாதி மடித்து மேசையில் வைத்தால் கீழ்ப்பாதி படுத்திருக்கும், மேல்பாதி நிற்கும், எல்இடி எதிர்ப்பக்கம் பார்க்கும்.

புத்தக வகை மூடியிருக்கும்போது தடித்த சாதாரண போன். விரித்தால் இரண்டு கைப் பிடி, எல்இடி ஒரு பாதியின் பின்புறம், வெளியோரத்தில்.

என் முதல் வரைவில் நான்கு விதிகள்: (1) டார்ச் கடைசியாக வைத்த வெளிச்சத்திலேயே எரியத் தொடங்கும். (2) போனை மூடினால் டார்ச் அணையும். (3) சுற்றுப்புற ஒளி சென்சாரைப் பார்த்து வெளிச்சம் தானாகக் கூடும், குறையும். (4) திரையின் நடுவில் பெரிய வட்டப் பட்டன், அதைச் சுற்றி வளைவான ஸ்லைடர்.

எது உடையும், ஏன் உடையும் என்று சொல்லுங்கள்.

ஒளிமானி

//டார்ச் கடைசியாக வைத்த வெளிச்சத்திலேயே எரியத் தொடங்கும்//

ஃபிளிப் வகை மூடியிருக்கும்போது இந்த விதி நேராகக் கண்ணைக் கூசவைக்கும். கவர் ஸ்கிரீனில் பட்டனைத் தொடுபவர் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எல்இடி அதே முகத்தில், விரலுக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது.

கணக்கு இப்படி: டார்ச்சின் ஒளிச்செறிவு 20 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ், அதாவது அங்கே விழும் ஒளியின் அளவு, கிடைக்கும். 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அது சுமார் 2 லக்ஸ். 30 சென்டிமீட்டரில் உள்ள கண்ணில் 220 லக்ஸுக்கு மேல். அதுவும் ஒரு பரந்த பரப்பிலிருந்து வருவதில்லை, சில மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியிலிருந்து வருகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தப் புள்ளி பார்வையின் நடுவில் கறையாக நிற்கும். டார்ச்சே அடுத்த படி எங்கே என்று பார்க்கத்தான். அதை ஏற்றிய நொடியில் படி தெரியாமல் போகிறது.

இதற்குப் புதிய சென்சார் எதுவும் வேண்டாம். கவர் ஸ்கிரீனில் விரல் பட்டதே "முகம் இந்தப் பக்கம் இருக்கிறது" என்பதற்குச் சான்று. என் பரிந்துரை:

கவர் ஸ்கிரீனிலிருந்து ஏற்றினால், முன்பு எந்த அளவில் இருந்தாலும் மிகக் குறைந்த அளவிலேயே தொடங்க வேண்டும். தொட்ட நொடியில் போனின் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். போன் எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் கேம் ரொட்டேஷன் வெக்டர் சென்சார் போதும், அதற்குக் காந்தமானி தேவையில்லை என்பதால் இரும்புக் கதவருகே திசை குழம்பாது. எல்இடி பார்க்கும் திசை அங்கிருந்து 60 பாகைக்கு மேல் திரும்பியதும், பயனர் முன்பு வைத்திருந்த அளவுக்கு 400 மில்லிவினாடியில் ஏற்ற வேண்டும். திருப்பவே இல்லை என்றால் குறைந்த அளவிலேயே இருக்கட்டும்.

பெருவிரல்

நல்ல யோசனை. ஆனா ஒரு கேள்வி. போனை மேசைமேல படுக்கப் போட்டு, எல்இடி மேல் நோக்கி இருக்க, கூரையில அடிச்சுத் திரும்புற வெளிச்சம் வேணும்னு நினைக்கிறவர் போனைத் திருப்பவே மாட்டார். அவருக்கு டார்ச் பழுதுன்னு தோணும்.

ஒளிமானி

சரியான கேள்வி. இரண்டு வழி வைக்கலாம். ஏற்றிய பின் அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் திசை பார்க்காமல் முழு அளவுக்குப் போகட்டும். ஸ்லைடரை இழுத்தாலும் அப்படியே, கை சொன்னதுதான் கடைசிச் சொல். பட்டனுக்குக் கீழே "திருப்பினால் வெளிச்சம் கூடும்" என்று ஒரு வரி காட்டினால் பழுது என்ற சந்தேகம் வராது.

கெர்னல்பக்கம்

இதுக்கெல்லாம் அடியில ஆண்ட்ராய்டு என்ன தருது, எங்க கைவிடும்னு முதல்ல பேசிடலாம்.

டார்ச்சை ஏற்றி அணைக்கும் எளிய அழைப்பு (ஆப் சிஸ்டத்துக்குக் கொடுக்கிற கட்டளை) ஆண்ட்ராய்டு 6-லிருந்தே அதோட கேமரா மேனேஜர்ல இருக்கு. கேமரா அனுமதி தேவையில்லை. வெளிச்ச அளவோட ஏற்றுவது ஆண்ட்ராய்டு 13-லதான் வந்தது. அதைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அந்தக் கேமராவோட அதிகபட்ச அளவு எண்ணைப் படிக்கணும். அது 1-னு வந்தா அளவுக் கட்டுப்பாடு கிடையாதுன்னு அர்த்தம். அப்ப ஸ்லைடரைக் காட்டவே கூடாது. இழுத்தும் ஒண்ணும் மாறாத ஸ்லைடரை வைக்கிறதுக்கு வெறும் பட்டனே மேல்.

அளவு 1-லிருந்து தொடங்கும். 0 கொடுத்தா அணையாது, பிழைதான் வரும். அணைக்கிறதுக்குப் பழைய அழைப்பையே பயன்படுத்தணும்.

இன்னொரு இடம் பலர் கவனிக்காம விடறது: டார்ச்சை அணைச்சிட்டுப் பழைய அழைப்பால திரும்ப ஏற்றினா, அளவு போனோட இயல்பு அளவுக்குப் போயிடும். பயனர் வச்ச அளவை சிஸ்டம் ஞாபகம் வச்சுக்காது, நீங்கதான் சேமிக்கணும்.

ஸ்லைடரை நேர்விகிதமா வச்சா கீழ்ப்பாதியில ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வெளிச்சம் தாவும், மேல்பாதியில இழுத்தாலும் மாற்றம் தெரியாது. கண் விகிதத்தைத்தான் உணருது. அதிகபட்சம் 40-னு வைங்க, ஐந்து படி வேணும்னா 1, 3, 6, 16, 40. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனா அளவு எண்ணுக்கும் வர்ற ஒளிக்கும் நேரான உறவு இருக்கும்னு நம்பிடாதீங்க. ஒரு லக்ஸ் மீட்டரை 1 மீட்டர்ல வச்சு ஒவ்வொரு அளவுக்கும் அளந்து, அந்த அட்டவணையிலிருந்து படியை எடுங்க.

அதிகபட்சமே 5-தான்னா ஒளிமானி சொன்ன 400 மில்லிவினாடி ஏற்றம் வழவழன்னு இருக்காது, நாலு தாவலாத் தெரியும். அங்க ஏற்றம் வேண்டாம், குறைந்த அளவிலிருந்து நேரா வேண்டிய அளவுக்கு ஒரே தாவல். நாலு முறை மினுக்கறதைவிட ஒரு தாவல் கண்ணுக்கு நல்லது.

மெல்லொளி

//போனை மூடினால் டார்ச் அணையும்//

இந்த விதியை முழுதாக எடுத்துவிடுங்கள். இருட்டில் நடப்பவர் போனைக் கையில் அடக்கமாகப் பிடிக்கத்தான் மூடுகிறார். மூடிய நொடியில் இருட்டு விழுந்தால் அவர் கால் எங்கே போகும்? அழைப்பு முடிந்து மூடுபவரும், படியில் இறங்கும்போது ஒரு கையில் பிடித்துக்கொள்ள மூடுபவரும், பைக்குள் வைக்க மூடுபவரும் கீலுக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். கோணத்தை வைத்து நோக்கத்தை ஊகிக்க முடியாது.

தவறாக எரிந்துகொண்டிருக்கும் டார்ச் கொஞ்சம் பேட்டரியைத் தின்னும். தவறாக அணையும் டார்ச் ஆளைக் கீழே தள்ளும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கீல்180

பைக்குள் போன பிறகும் எரிந்துகொண்டிருந்தால் சூடேறாதா? அதற்காகத்தான் அந்த விதியை வைத்தேன்.

மெல்லொளி

அதற்கு மடிப்பைக் கேட்காதீர்கள், பையைக் கேளுங்கள். ப்ராக்ஸிமிட்டி சென்சார் (அருகில் பொருள் இருப்பதை உணர்வது) மூடப்பட்டிருக்கிறது, எல்லாத் திரையும் அணைந்திருக்கிறது, தொடுதல் எதுவும் இல்லை. மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம் நீடித்தால் முதலில் இரண்டு முறை அதிர்வு. இன்னும் 20 வினாடி பதில் இல்லை என்றால் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கலாம். அணைப்பது அதற்கும் பிறகு, பயனர் அமைப்பில் நேரம் வைத்திருந்தால் மட்டும். விரித்து மேசையில் எல்இடி கீழ்நோக்கி வைத்துவிட்ட நிலைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். புவியீர்ப்புத் திசை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கெர்னல்பக்கம்

வெப்பத்துக்குத் தனியா ஒரு வழி இருக்கு. ஆண்ட்ராய்டு 10-லிருந்து பவர் மேனேஜர் வெப்பநிலைத் தகவல் தருது. 'மிதம்' வந்தா ஒரு படி இறக்கலாம், 'கடுமை' வந்தா குறைந்த அளவு. டார்ச்சுக்கு எல்இடியில ஓடறது பொதுவா சில நூறு மில்லியாம்பியருக்குள்ளதான். ஃபிளாஷ் அடிக்கும்போது ஒரு ஆம்பியரைத் தாண்டும், ஆனா அது மில்லிவினாடிக் கணக்குல முடிஞ்சிடும். தொடர்ந்து எரியற டார்ச்சுதான் சூட்டைச் சேர்க்குது. மடக்கு போன்ல ஒவ்வொரு பாதியும் மெல்லிசு, கேமராப் பக்கப் பாதியில சேர்ந்த சூடு கீலைத் தாண்டிப் பரவவும் சிரமப்படும். சாதாரண போன்ல அளந்த நேரக் கணக்கை இங்க அப்படியே போடாதீங்க.

சூட்டினால இறக்கினா அதைத் திரையில எழுதிக் காட்டணும். காரணம் தெரியாம வெளிச்சம் குறைஞ்சா பயனர் ஸ்லைடரைத் திரும்பத் திரும்ப மேல இழுப்பார்.

பெருவிரல்

விதி 4-க்கு வர்றேன். நடுவுல பெரிய வட்டம், சுத்தி வளைவு ஸ்லைடர்னு வச்சா படத்துல அழகா இருக்கும், கையில வேலைக்கு ஆகாது. புத்தக வகையை விரிச்சா நடுவுலதான் மடிப்புக் கோடு ஓடுது. விரலால தடவினா அந்தப் பள்ளம் தெரியும். ஸ்லைடர் அதைக் குறுக்கே கடந்தா, விரல் அங்க தயங்கும், வெளிச்சம் அங்கயே தாவும். எந்த ஸ்லைடரும் மடிப்பைத் தாண்டக்கூடாது, பட்டனும் அது மேல உக்காரக்கூடாது. ஆண்ட்ராய்டோட விண்டோ மேனேஜர் நூலகம் தர்ற ஃபோல்டிங் ஃபீச்சர்ங்கற தகவல்ல மடிப்போட எல்லை கிடைக்கும். இரண்டு பக்கமும் 16 டிபி (ஆண்ட்ராய்டுல திரை அளவைச் சொல்ற அலகு) விட்டு வரைங்க.

விரிச்ச போனை ரெண்டு கையால பிடிக்கிறப்ப கட்டைவிரல் எட்டற இடம் ரெண்டு பக்க ஓரத்துல, கீழிருந்து பாதி உயரம் வரைக்கும்தான். நடுவுல இருக்கறதைத் தொட ஒரு கையை எடுக்கணும். அதனால செங்குத்தான ஸ்லைடர், வலது இல்லன்னா இடது ஓரம், எந்தப் பக்கம்னு பயனரே மாத்தலாம். ஓரத்தோட ஒட்டி வைக்காதீங்க. அங்க இருந்து உள்ள தள்ளினா 'பின்செல்' சைகை வேலை செய்யும். அந்தச் சைகையைத் தடுக்க ஆப்புக்கு ஒரு ஓரத்துக்கு 200 டிபி உயரம்தான் கிடைக்கும். அதை நம்பறதைவிட ஸ்லைடரை 24 டிபி உள்ள தள்ளி வச்சிடறது நிம்மதி. தொடுபரப்பு குறைஞ்சது 48 டிபி.

இன்னொண்ணு. விரிச்ச நிலையில எல்இடி இருக்கற பாதியோட பின்பக்கம் நாலு விரல் இருக்கும். போனைப் படுக்கைவாக்குல திருப்பினா விரல் எல்இடி மேலயே வந்துடும். பயனருக்கு விரல் ஓரம் சிவப்பா ஒளிர்றது மட்டும் தெரியும், அறை இருட்டாவே இருக்கும். பலகத்துல போனோட பின்பக்கப் படம் சின்னதா வரைஞ்சு எல்இடி எங்க இருக்குன்னு ஒரு புள்ளி போட்டுக் காட்டினா, கை தானா விலகும். அந்தப் படம் போனைத் திருப்பும்போது கூடவே திரும்பணும், இல்லன்னா குழப்பம்தான் மிச்சம்.

பாதி மடிச்ச நிலையில எல்லாக் கட்டுப்பாடும் படுத்திருக்கிற பாதிக்கு இறங்கணும். நிக்கற பாதியைத் தொட்டா கீல் அசையும், கேமரா ஆடும், படம் மங்கும்.

கீல்180

விதி 4 போய்விட்டது. விதி 3-ஐப் பற்றி யாரும் பேசவில்லையே?

ஒளிமானி

விதி 3 தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். டார்ச் எரிந்ததும் அதன் ஒளி சுவரில் பட்டுத் திரும்பி ஒளி சென்சாரில் விழும். சென்சார் "வெளிச்சம் இருக்கிறது" என்று சொல்லும், நீங்கள் குறைப்பீர்கள், குறைந்ததும் "இருட்டு" என்று சொல்லும், கூட்டுவீர்கள். விளக்கு ஊசலாடும். ஃபிளிப் வகை மூடியிருக்கும்போது சென்சாரும் எல்இடியும் ஒரே முகத்தில் இருந்தால் இன்னும் மோசம்.

ஒளி சென்சாரை ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு முறை படியுங்கள். அதை வைத்துத் தொடக்க அளவை மட்டும் முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு 5 லக்ஸுக்குக் கீழே இருந்தால் முதல் அல்லது இரண்டாம் படி, அதற்கு மேல் பயனரின் வழக்கமான படி. எரியத் தொடங்கிய பிறகு சென்சார் பக்கமே போகாதீர்கள். விரித்த நிலையில் எந்தத் திரை விழித்திருக்கிறதோ அந்த முகத்தின் சென்சாரைப் பாருங்கள். மேசையில் கவிழ்ந்து கிடக்கும் முகத்தின் சென்சார் நண்பகலிலும் இருட்டு என்றுதான் சொல்லும்.

மெல்லொளி

அந்தத் தொடக்க அளவு முக்கியமானது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம்வரை ஆகும். ஒரு நொடிப் பளீரில் அது போய்விடும். இரவில் தூங்குபவர் பக்கத்தில் எதையாவது தேடுபவருக்குத் தேவை மிகக் குறைந்த படிதான்.

அணுகல்தன்மை பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாக்பேக் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி) பயனருக்குப் பட்டன் "டார்ச், எரிகிறது, ஐந்தில் இரண்டு" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பார்வை இல்லாதவருக்கு டார்ச் எதற்கு என்று நினைக்க வேண்டாம். பகுதிப் பார்வை உள்ளவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். முழுப் பார்வையின்மை உள்ளவர் தவறி ஏற்றிவிட்டால் அதை அறிய வேறு வழியே இல்லை. படி மாறும்போது ஒரு சின்ன அதிர்வு, கடைசிப் படியில் சற்று நீண்ட அதிர்வு.

மினுக்கு விளக்கு என்று ஒரு வசதி வைப்பதானால் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மினுக்க விடாதீர்கள். வலை அணுகல்தன்மை வழிகாட்டியும் அந்த எல்லையைத்தான் சொல்கிறது, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்காக. ஃபிளிப் வகை மூடிய நிலையில் மினுக்கு வசதியே வேண்டாம், எல்இடி முகத்தைப் பார்க்கிறது.

கெர்னல்பக்கம்

இப்ப மடிக்கும்போது உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். பாதிப் பிழைகள் இங்கதான்.

போனை விரிச்சா திரை அளவு மாறும், ஆக்டிவிட்டி (ஆப்போட திரைப் பக்கம்) அழிஞ்சு புதுசா உருவாகும். டார்ச்சைக் கேமராஎக்ஸ் நூலகம் வழியா ஏற்றியிருந்தா கேமரா அந்த ஆக்டிவிட்டியோட ஆயுளோட கட்டப்பட்டிருக்கும். ஆக்டிவிட்டி அழிஞ்சதும் கேமரா மூடும், டார்ச் அணையும், புது ஆக்டிவிட்டி வந்து திரும்ப ஏற்றும். பயனருக்கு விரிக்கும்போதெல்லாம் ஒரு மினுக்கல் தெரியும். வெறும் டார்ச்சுக்குக் கேமராவைத் திறக்கவே வேண்டாம், கேமரா மேனேஜர் அழைப்பு போதும், அது ஆக்டிவிட்டியைச் சார்ந்தது இல்ல. ஆனா உங்க ஆப்போட ப்ராசஸ் செத்தா டார்ச்சும் அணையும். அதனால எரியற நேரத்துக்கு ஒரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (ஆப் திரையில இல்லாதப்பவும் ஓடறது), கூடவே 'அணை' பட்டனோட ஒரு அறிவிப்பு. ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்புக்கு அனுமதி கேக்கணும், 14-லிருந்து சர்வீஸ் என்ன வகைன்னு ஆப்போட விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்ல சொல்லணும். கேமரா வகைன்னு போட்டீங்கன்னா கேமரா அனுமதி கேக்கும். டார்ச்சுக்கு அது தேவையில்லாத தொல்லை, சிறப்புப் பயன்பாடுன்னு அறிவிக்கிறது பொருத்தம்.

அந்த அறிவிப்பு இன்னொரு விதத்துலயும் உதவும். பல ஃபிளிப் போன்ல எல்லா ஆப்பும் கவர் ஸ்கிரீன்ல நேரடியாத் திறக்காது, ஆனா அறிவிப்பு வரும். உள்திரையில ஏற்றிட்டு மூடினவர் அங்கிருந்தே அணைக்கலாம்.

கீல் கோணம்: ஆண்ட்ராய்டு 11-லிருந்து சென்சார் வகை இருக்கு. ஆனா எல்லாப் போனும் தராது. தர்றதுலயும் சிலது ஒவ்வொரு பாகையா நகராம தாவித் தாவி வரும். சென்சார் இல்லன்னா நுல், அதாவது வெறுமைதான் கிடைக்கும், அதைச் சோதிக்காம விட்டா ஆப் விழும். நிலையை முடிவு பண்ண ஃபோல்டிங் ஃபீச்சர் சொல்ற 'தட்டை', 'பாதி திறந்தது' இரண்டையும் நம்புங்க. எந்தக் கோணத்துல அது மாறும்ங்கறது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேற, எண்ணை நீங்க கோட்ல எழுதாதீங்க. நிலை மாறி 300 மில்லிவினாடி நிலைச்ச பிறகுதான் கட்டுப்பாட்டை நகர்த்தணும். இல்லன்னா விரிக்கிற வேகத்துல பட்டன் ரெண்டு தடவை இடம் மாறி, தொடப் போன விரலுக்கு அடியில வேற பட்டன் வந்து நிக்கும்.

டார்ச்சோட உண்மை நிலையை எப்பவும் டார்ச் கால்பேக்ல (நிலை மாறினதும் சிஸ்டம் ஆப்புக்கு அனுப்பற தகவல்) இருந்து எடுங்க. வேற ஆப்பும் குவிக் செட்டிங்ஸும் அதே எல்இடியை மாத்தலாம். உங்க பட்டன் "எரிகிறது"ன்னு சொல்லும், எல்இடி அணைஞ்சிருக்கும், அந்தப் பொய் வரக்கூடாது.

கீல்180

டார்ச் எரியும்போது கேமராவைத் திறந்தால்?

கெர்னல்பக்கம்

சிஸ்டமே டார்ச்சை அணைச்சிட்டு "கிடைக்காது"ன்னு கால்பேக் அனுப்பும். அப்ப பட்டனை மங்கலாக்கி "கேமரா பயன்படுத்துகிறது"ன்னு காட்டுங்க. உங்க ஆப்பே கேமராவைத் திறக்குதுன்னா, அளவைக் குறிச்சு வச்சுட்டு, முதல் முன்னோட்டக் கோரிக்கையிலயே ஃபிளாஷ் மோடை டார்ச்னு போடுங்க. நடுவுல ஒரு கணம் இருட்டு வரும், அதைத் தவிர்க்க முடியாது. ஏஇ மோட் (ஒளியைத் தானா அளந்து சரிபண்ற அமைப்பு) வெறும் 'ஆன்'ல, இல்லன்னா 'ஆஃப்'ல இருந்தாதான் ஃபிளாஷ் மோடை மதிக்கும். 'ஆட்டோ ஃபிளாஷ்'ல விட்டுட்டு டார்ச் ஏன் எரியலன்னு தேடறவங்க நிறைய பேர். கேமராக் கோரிக்கைக்குள்ள வெளிச்ச அளவு சொல்ற வசதி ஆண்ட்ராய்டு 15-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி கேமராவுக்குள்ள இயல்பு அளவுதான்.

கேமரா மூடினதும் பழைய அளவுல திரும்ப ஏற்றலாம். ஆனா இடையில பயனர் அணைக்கச் சொல்லியிருந்தா ஏற்றக்கூடாது.

ஒளிமானி

கேமரா ஃபிளாஷுக்கு வருகிறேன். பெரும்பாலான ஆப்புகளில் தர்க்கம் "முன் கேமரா என்றால் ஸ்கிரீன் ஃபிளாஷ், பின் கேமரா என்றால் எல்இடி" என்று இருக்கும். மடக்கு போனில் பின் கேமராவாலேயே செல்ஃபி எடுக்கலாம், கவர் ஸ்கிரீனில் முன்னோட்டம் பார்த்துக்கொண்டு. அப்போதும் சிஸ்டம் அந்தக் கேமராவைப் 'பின்' என்றுதான் சொல்லும். கேமராவின் பெயரை விட்டுவிட்டு, படம் எடுக்கப்படுபவர் எந்தத் திரையைப் பார்க்கிறார் என்பதைக் கேளுங்கள்.

எந்த ஒளி எவ்வளவு தரும் என்பதற்குத் தோராயக் கணக்கு: திரையின் பிரகாசத்தைப் பரப்பால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 7.6 அங்குல உள்திரையின் பரப்பு சுமார் 0.018 சதுர மீட்டர். முழுவெள்ளையில் 500 நிட் (திரைப் பிரகாசத்தின் அலகு) என்று வைத்தால் 40 சென்டிமீட்டரில் முகத்தில் 56 லக்ஸ். 3.4 அங்குலக் கவர் ஸ்கிரீனில் அதே கணக்கு 12 லக்ஸுக்குள் நின்றுவிடும். விளம்பரத்தில் வரும் உச்ச பிரகாச எண்ணை இங்கே போடாதீர்கள். ஓஎல்இடி திரை முழுவதும் வெள்ளையாகும்போது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தப் பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்ச எண் திரையின் சிறு பகுதிக்கு மட்டும்.

ஆகவே உள்திரை முன் எடுக்கும் படத்துக்கு ஸ்கிரீன் ஃபிளாஷ் தாராளம். பரப்பு பெரிது என்பதால் நிழலும் மென்மை. கவர் ஸ்கிரீன் செல்ஃபிக்குத் திரை மட்டும் போதாது, எல்இடி முழு அடியும் கூடாது. முகத்துக்கு 40 சென்டிமீட்டரில் அது நெற்றியை வெளுக்கடித்து மூக்கின் நிழலைக் கன்னத்தில் கருப்பாக வரையும். எல்இடியைக் குறைந்த டார்ச் படியில் ஒன்றரை நொடி முன்பே மெதுவாக ஏற்றி, கவர் ஸ்கிரீனின் முன்னோட்டத்தைச் சுற்றி வெதுவெதுப்பான வெள்ளைச் சட்டம் போட்டு, அந்த நிலையிலேயே எடுத்துவிடுங்கள். கண் பழகியிருக்கும், இமைக்காது.

பாதி மடித்து மேசையில் வைத்து எடுக்கும் குழுப்படத்தில் ஒரு தனிச் சிக்கல். எல்இடி மேசைப் பரப்பிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கும். முன்னால் கிடக்கும் மேசை வெள்ளையாக எரியும். அளவீடு அதைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், 2 மீட்டர் தள்ளி நிற்பவர்கள் இருட்டில் போவார்கள். இந்த நிலையில் ஃபிளாஷ் தேவை என்று ஏஇ சொன்னால், "போனை மேசையின் முன் ஓரத்துக்கு நகர்த்துங்கள்" என்று ஒரு குறிப்பு காட்டுங்கள், கீல் ஓரத்தோடு வரும்படி. அளவீட்டுப் பகுதியை முகங்களுக்கு மாற்றுங்கள். 3 மீட்டருக்கு மேல் எல்இடியால் பெரிதாக எதுவும் ஆகாது. போன் ஆடாமல் நிற்பதால் நைட் மோடைப் பரிந்துரைப்பதே நல்லது.

பெருவிரல்

குழுப்படத்துல இன்னொரு சேதி. எல்இடி முதல்ல அளவீட்டுக்காக ஒரு தடவை மின்னும், அப்புறம்தான் உண்மையான அடி. முதல் மின்னலைப் பாத்துட்டுப் படம் எடுத்தாச்சுன்னு எல்லாரும் கலைஞ்சிடுவாங்க. கவர் ஸ்கிரீன் அவங்க பக்கம்தான் பாக்குது. முதல் மின்னலுக்கு முன்னாடியே "அசையாதீங்க"ன்னு பெரிய எழுத்துல போட்டு, படம் விழுந்த பிறகு மட்டும் அதை எடுங்க.

குலுக்கினா டார்ச் எரியற சைகை வைக்கணும்னு யாராவது கேப்பாங்க. மூடிய நிலைக்கு மட்டும் வைங்க. விரிச்ச போனைக் கையில வீசினா கீலுக்கும் நல்லதில்ல, பிடியும் நழுவும்.

கீல்180

இதுவரை வந்ததை வைத்து வரைவை மாற்றியிருக்கிறேன்:

கவர் ஸ்கிரீனில் ஏற்றினால் குறைந்த படி, 60 பாகை திரும்பியதும் வழக்கமான படி, அழுத்திப் பிடித்தால் உடனே முழு அளவு. உள்திரையில் ஏற்றினால் ஒரு முறை படித்த சுற்றுப்புற ஒளியை வைத்துத் தொடக்கப் படி. மடிப்பு மாற்றம் எரியும் விளக்கைத் தொடாது, கட்டுப்பாட்டின் இடத்தை மட்டும் நகர்த்தும். ஸ்லைடர் செங்குத்து, ஐந்து படி, லக்ஸ் மீட்டரில் அளந்த அட்டவணைப்படி.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. உள்திரையில் நான்காம் படியில் எரிய விட்டு ஃபிளிப் போனை மூடுகிறார். மூடும்போது எல்இடி அவர் முகத்துக்குத் திரும்புகிறது. விளக்கைத் தொடாதே என்ற விதி இங்கே கண்ணைக் கூசவைக்குமே?

மெல்லொளி

மூடும் அசைவில் எல்இடி உள்ள பாதி பயனரை நோக்கி மடங்குவது உண்மை. ஆனாலும் அணைக்கவோ தானாகக் குறைக்கவோ வேண்டாம். பெரும்பாலோர் மூடும்போது போனைத் தாழ்த்திப் பிடிக்கிறார்கள், ஒளி மேல்நோக்கி ஒரு கணம் வீசிவிட்டுப் போகும். கவர் ஸ்கிரீனைத் தொட்டால் மட்டும் இறக்குங்கள். தொட்டதுதான் முகம் அங்கே இருப்பதன் சான்று என்று ஒளிமானி சொன்னது இங்கேயும் செல்லும். தொட்டவுடன் குறைந்த படி, திரும்பியதும் பழைய படி.

ஒளிமானி

அதோடு சேர்த்து, அறிவிப்பில் உள்ள 'அணை' பட்டன் தொடுதலை இந்த இறக்கத்துக்காகத் தாமதிக்க வேண்டாம். அணைக்கச் சொன்னால் உடனே அணைய வேண்டும், ஏற்ற இறக்கம் ஏதும் இல்லாமல்.

கீல்180

சரி, அப்படியே வைக்கிறேன். சோதிக்க எமுலேட்டர் (கணினியில் ஓடும் போலிப் போன்) போதுமா?

கெர்னல்பக்கம்

கட்டுப்பாடு இடம் மாறுறதைப் பாக்க எமுலேட்டர் போதும், அதுல கீல் கோணத்தை இழுத்து நிலை மாத்தலாம். ஒளியை உண்மைப் போன்லதான் பாக்கணும். குறைஞ்சது இவ்வளவு பாருங்க: 400 மில்லிவினாடி ஏற்றம் நடக்கும்போதே மூடிப் பாருங்க, அளவு பாதியில நிக்கக்கூடாது. எரியும்போது வேற கேமரா ஆப்பைத் திறந்து மூடுங்க. குவிக் செட்டிங்ஸ்ல அணைச்சிட்டு உங்க பட்டன் மாறுதான்னு பாருங்க. பத்து தடவை வேகமா விரிச்சு மூடுங்க, நடுவுல மினுக்கல் வந்தா வேற போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தா எந்த இடத்துல வருதுன்னு பிடிபடும். கடைசியா, முழு அளவுல கால் மணி நேரம் எரியவிட்டு வெப்பநிலைத் தகவல் வருதான்னு பாருங்க, மூடின நிலையில ஒரு தடவை, விரிச்ச நிலையில ஒரு தடவை. மூடினப்ப ரெண்டு பாதியும் ஒண்ணை ஒண்ணு சூடாக்கும், அந்த எண்ணையே எல்லையா எடுத்துக்குங்க.